நம் பக்கத்துக் குழாய்

கடிதத்தை அப்பா குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு நான் போனபோது, கோட்டைக் கழற்றக்கூட விடாமல் அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“லொரெய்ன், இது உங்க கம்பெனிதானே?”

எங்கள் கம்பெனிதான். மேலே நகராட்சி முத்திரை போலவே ஒன்று இருக்கும். அது நகராட்சி முத்திரை இல்லை என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். தெருவில் போகிற பெரிய குழாய் நகராட்சியுடையது, அதிலிருந்து பிரிந்து உங்கள் வீட்டுக்குள் வருகிற குழாய் உங்களுடையது, அது உடைந்தால் தோண்டுவதும் மாற்றுவதும் உங்கள் பாடு, மாதம் ஏழு டாலர் கட்டினால் அந்தப் பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இவ்வளவுதான் விஷயம். இதை நான்கு பக்கத்துக்கு எழுதியிருப்பார்கள்.

அப்பா நான்கு பக்கத்தையும் படித்திருந்தார். எமில் கோவாச் எதையும் முழுதாகப் படிக்காமல் கீழே வைக்கிறவர் இல்லை. மார்லோ ஃபெரி கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் உலைப் பக்கம் நின்றவர். அம்மா போன பிறகு ஆறு வருஷமாக அந்த வீட்டில் தனியாக இருந்தார். காருக்கு எண்ணெய் மாற்றுவது, கூரைக் கால்வாயில் இலை வாருவது எல்லாம் அவரே. அப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது.

“வீடு கட்டின வருஷம் போட்ட இரும்புக் குழாய்ம்மா. அம்பத்தொண்ணாம் வருஷம்” என்றார். “என்னைவிட அதுக்கு ஒரு வயசோ ரெண்டு வயசோதான் கம்மி. மாசம் ஏழு டாலர் பெரிய காசு இல்ல. எடுத்துக்கலாம்னு பாக்குறேன். நீ என்ன சொல்ற?”

படிவத்தைக்கூட நிரப்பி வைத்திருந்தார். பெரிய பெரிய எழுத்தில், கட்டத்துக்குள் ஒன்றாக. கையெழுத்து மட்டும் பாக்கி.

நான் அந்தக் கம்பெனியில் என்ன வேலை செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். குழாய் உடைந்தவர்கள் முதலில் பேசுவது கீழ்மாடியில் இருக்கிறவர்களிடம். பணம் கிடையாது என்று சொல்லப்பட்டு, அதற்குப் பிறகும் விடாமல் கத்துகிறவர்களின் அழைப்பு மேல்மாடிக்கு வரும். அங்கே என் மேஜை. ஏன் கிடையாது என்பதைத் திரையைப் பார்த்து நான் படித்துக் காட்ட வேண்டும். ஐந்து வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த வாரம் இண்டியானாவிலிருந்து ஒரு பெண் பேசியிருந்தாள். காப்பீடு எடுப்பதற்கு முன்பே அவளுடைய குழாய் கசிய ஆரம்பித்துவிட்டதாம், அதனால் கிடையாதாம். “அது மண்ணுக்கடியில கசியிறது எனக்கு எப்படிங்க தெரியும்?” என்று அவள் கேட்டாள். அதற்குத் திரையில் பதில் இல்லை. நான் அதே வரியை மறுபடி படித்தேன்.

“வேண்டாம்ப்பா” என்றேன்.

“ஏன்?”

“காசு வாங்குறப்ப சிரிப்பானுங்க. உடைஞ்சதுக்கு அப்புறம் வேர் பூந்துடுச்சும்பான், மண்ணு நகந்துடுச்சும்பான், முன்னாடியே ஓட்டைன்னுவான். குடுக்கவே மாட்டானுங்க. தினமும் நான் கேக்குறேன்.”

“எல்லாருக்குமா குடுக்க மாட்டான்?”

“அப்பா, நான் அங்க வேலை பாக்குறேன். நீங்களா, நானா?”

இதைச் சொன்னபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. எங்கள் வீட்டில் யோசனை கேட்பதென்றால் என் அண்ணன் டென்னிஸிடம்தான் கேட்பார்கள். பல் மருத்துவர்களுக்கு நாற்காலி விற்கிற கம்பெனியில் அவன் மேலாளர். கொலம்பஸில் பெரிய வீடு. வரி, வங்கி, கார் எதுவானாலும் “டென்னிஸைக் கேட்போம்” என்பார் அப்பா. முதல்தடவையாக என்னிடம் மட்டுமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று வந்திருந்தது.

அப்பா படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அதை வாங்கி இரண்டாகக் கிழித்தேன். பிறகு நான்காக.

அவர் திடுக்கிட்டார். பிறகு சிரித்தார். “சரிதான். முத்திரை எல்லாம் பாத்து நானே ஏமாந்திருப்பேன்” என்று சொல்லிக்கொண்டே துண்டுகளை என் கையிலிருந்து வாங்கிக் குப்பையில் போட்டார். சாப்பிட உட்கார்ந்தோம்.

பக்கத்து வீட்டு விர்ஜில் டாக்கரிக்கும் அதே கடிதம் வந்திருந்தது. தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கும் அப்பாவுக்கும் இருபது வருஷமாக ஒரு பனிப்போர். புல் யாருடையது அழகு, எல்லைக் கல் எங்கே இருக்க வேண்டும், யார் யார் பக்கம் பனியைத் தள்ளினார்கள் என்றெல்லாம். சண்டை போட்டதில்லை, ஆனால் விட்டுக்கொடுத்ததும் இல்லை. விர்ஜில் காப்பீடு எடுத்துக்கொண்டார். “முத்திரையைப் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கான் விர்ஜில்” என்று அப்பா என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்த வருஷம் பூராவும் அது அவருக்கு ஒரு தமாஷாக இருந்தது.

அடுத்த அக்டோபரில் விர்ஜில் வீட்டுக் குழாய் உடைந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கொண்டிருந்தபோது அப்பா என்னைப் போனில் கூப்பிட்டார்.

“விர்ஜிலுக்கு ரெண்டே நாள்ல முடிச்சுட்டாங்கம்மா. தோண்டி, புதுக் குழாய் போட்டு, மண்ணை மூடிப் புல் விதைகூடத் தூவிட்டுப் போயிட்டாங்க. ஒரு பைசா கேக்கல.”

“அவருக்கு அதிர்ஷ்டம்ப்பா.”

“ம்” என்றார் அப்பா. “அவன் வீடும் நம்ம வீடும் ஒரே வருஷம் கட்டினது” என்றார்.

மறுநாள் எங்கள் மேற்பார்வையாளர் க்வென்னிடம் கேட்டேன். பத்துப் பேர் கேட்டால் எத்தனை பேருக்குக் கொடுக்கிறோம் என்று.

“எட்டுக்குக் குறையாது, சில மாசம் ஒம்பது” என்றாள் க்வென். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “உனக்கு எப்படித் தெரியும், லொரெய்ன்? பணம் வாங்கினவன் உனக்கு எதுக்குப் போன் பண்ணப் போறான்? கிடைக்காதவன் குரல் மட்டும்தானே உன் காதுல விழுது.”

ஐந்து வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்து இதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். நவம்பர் கடைசியில் நன்றித் திருநாள் விருந்துக்கு ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று. சொல்ல இரண்டு வாக்கியம் போதும். போனிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நன்றித் திருநாளுக்கு டென்னிஸும் வந்திருந்தான். வான்கோழியை அறுத்துக்கொண்டே ஆரம்பித்தான்.

“என்ன லொரெய்ன், இன்னும் அங்கதானா? போன்ல திட்டு வாங்குறதுக்குச் சம்பளம் குடுக்கிற ஒரே கம்பெனி உலகத்துலயே அதுதான்.”

“உன் நாற்காலியில உக்கார்றவன் திட்டுறதில்லையா?”

“அவன் வாய்லதான் எப்பவும் ஏதாவது செருகியிருக்குமே, எங்க திட்டுவான்?”

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு டென்னிஸ் சோபாவில் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போனான். நானும் அப்பாவும் பாத்திரம் கழுவினோம். அப்பா குழாயை முழுதாகத் திறந்துவிட்டுக் கையை நீட்டிப் பார்த்தார்.

“முன்ன மாதிரி வேகமா வரல இல்ல?” என்றார். தண்ணீரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இரண்டாம் தடவையாக என்னிடம் கேட்டார். அடுத்த அறையில் டென்னிஸ் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். நான் தப்பு என்று ஒப்புக்கொண்டால் அது அவன் காதில் விழும். இனி ஒவ்வொரு வருஷமும் வான்கோழியை அறுக்கும்போது அவனுக்கு அது ஒரு கதையாகும்.

“பழைய குழாய்முனைப்பா. வாஷரை மாத்துங்க, சரியாயிடும்” என்றேன்.

“சரிம்மா” என்றார்.

மறுவாரமே வாஷரை மாற்றியதாக என்னிடம் சொன்னார்.

மார்ச் முதல் வாரம், பனி இளகிய நாட்களில், கார் ஏறி வருகிற சிமெண்ட் பாதையின் ஓரத்தில் தண்ணீர் கொப்பளித்தது. அந்தப் பாதை இரண்டு வருஷத்துக்கு முன்புதான் போட்டது. ஓய்வுபெற்ற பிறகு அப்பா தனக்காகச் செய்துகொண்ட ஒரே செலவு அது. குழாய் அதற்கு அடியில்தான் போயிற்று. நகராட்சி ஆள் வந்து தெருவோர வால்வை மூடிவிட்டு, கதவில் ஆரஞ்சு நிறத் தாளை ஒட்டிவிட்டுப் போனான். பிளம்பர் வந்து பார்த்தான். பாதையில் பாதியை உடைக்க வேண்டும் என்று சொல்லி ஒரு தொகை சொன்னான். அப்பாவின் சேமிப்பில் பாதிக்கு மேல் அது.

விர்ஜில் தன் வீட்டுக் குழாயிலிருந்து பச்சை ரப்பர்க் குழாய் ஒன்றை இழுத்து, வேலிக்கு மேலே போட்டு, அப்பாவின் வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தார். குளிரில் உறையாமல் இருக்கப் பழைய போர்வைகளை அதன் மேல் சுற்றினார். அப்பா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார், வெளியே வரவில்லை. நான்தான் போய் நன்றி சொன்னேன்.

“இதுல என்ன இருக்கு” என்றார் விர்ஜில். “உங்க கம்பெனி நல்ல கம்பெனிம்மா. நான் எடுத்தப்பவே எமில்கிட்ட சொன்னேன், நீயும் எடுத்துக்கப்பான்னு. கேக்கல.”

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே வருத்தத்தோடுதான் சொன்னார்.

சனிக்கிழமை நான் குடிதண்ணீர்க் கேன்களோடு போனபோது அப்பா பாதையின் ஓரத்தில் முழங்கால் ஆழக் குழியில் நின்றுகொண்டிருந்தார். கையில் கடப்பாரை. சிமெண்டை உடைக்காமல் பக்கவாட்டில் தோண்டி, அடியில் புகுந்து குழாயைப் பிடித்துவிடலாம் என்று அவர் கணக்கு. முகம் சாம்பலாக இருந்தது. மூச்சு வாங்கியது.

“அப்பா, மேல வாங்க!”

“இன்னும் நாலடிதான். குழாய் இங்கதான் எங்கயோ இருக்கு.”

“வாங்கன்னு சொல்றேன்ல!”

ஏறுவதற்குக் காலை வைத்தார். சேறு வழுக்கியது. கையை ஊன்றியபடி விழுந்தார். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. விர்ஜில் ஓடி வந்தார். இருவருமாகத் தூக்கி வெளியே எடுத்தோம். அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை. “சிமெண்ட் உடையல, பாத்தியா” என்றார்.

டென்னிஸ் மறுநாள் வந்தான். குழியைச் சுற்றி ஒருமுறை நடந்தான், வேலி மேல் போன ரப்பர்க் குழாயைப் பார்த்தான், விர்ஜிலோடு ஐந்து நிமிஷம் பேசினான். பிறகு சமையலறைக்கு வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தான். அப்பாவின் வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு.

“மாசம் ஏழு டாலர்ப்பா” என்றான். “விர்ஜில் சொல்றாரு, கடிதம் வந்துதாம், அவரும் சொன்னாராம். லொரெய்ன் வேற அதே கம்பெனியில இருக்கா. ஏன் எடுக்கல?”

நான் கேனிலிருந்து காப்பிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முதுகை அவர்கள் பக்கம் காட்டிக்கொண்டு.

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. நீண்ட நேரம் போனது போல எனக்கு இருந்தது. ஒருவேளை அவ்வளவு நேரம் இல்லையோ என்னவோ. நான் திரும்பவில்லை.

“தேவைப்படும்னு தோணல” என்றார்.

“தோணலயா? எழுபது வருஷக் குழாய், பக்கத்து வீட்டுல உடையுது, அப்பவும் தோணலயா?”

“தோணல.”

“அப்புறம் பனியில இறங்கிக் குழி தோண்டுறீங்க. இந்த வயசுல. லொரெய்ன் வராம இருந்திருந்தா?” டென்னிஸின் குரல் தணிந்தது. கத்தியதைவிட அது மோசமாக இருந்தது. “அப்பா, நான் உங்கள அவமானப்படுத்தணும்னு சொல்லல. முன்ன மாதிரி உங்களால முடிவெடுக்க முடியல. அதைத்தான் சொல்றேன். ஒரு ஆளு தனியா இருக்கணும்னா சின்னச் சின்ன விஷயத்துல புத்தி சரியா வேலை செய்யணும். எங்க பக்கத்துலயே வயசானவங்க தங்குற கட்டடம் இருக்கு. நல்ல இடம்.”

குழி தோண்டியதைப் பற்றி அப்பா வாதாடினார். கையைப் பற்றி வாதாடினார், ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்றார். அந்தக் காப்பீட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. டென்னிஸ் ஒவ்வொரு முறையும் அங்கேயே திரும்பி வந்தான். ஏழு டாலர், ஏழு டாலர் என்று. அவனிடம் வேறு ஆதாரமே இல்லை. அதை என்னால் ஒரே வாக்கியத்தில் பிடுங்கியிருக்க முடியும். படிவத்தை அவர் நிரப்பி வைத்திருந்தார், டென்னிஸ்; நான்தான் கிழித்தேன். அவ்வளவுதான்.

நான் காப்பி போட்டேன். மூன்று கோப்பையில் ஊற்றி மேஜையில் வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அப்பா சரி என்று சொல்லிவிட்டார். ஒற்றைக் கையோடு, பக்கத்து வீட்டுக்காரனின் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு அவரால் அதற்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. குழாய் உடைந்த வீடு என்பதால் விலையைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. மே மாதம் ஒரு இளம் தம்பதி வாங்கினார்கள்.

அவர்கள் குடிவந்த வாரத்தில் விர்ஜில் எனக்குப் போன் செய்தார். புதிதாக வந்தவர்கள் வேறு ஒரு பிளம்பரைக் கூட்டி வந்தார்களாம். அவன் தெருவோரம் ஒரு குழி, வீட்டோரம் ஒரு குழி, இரண்டுதான் போட்டானாம். ஒரு இயந்திரத்தை வைத்துப் பழைய குழாயின் வழியாகவே புதுக் குழாயை இழுத்துவிட்டானாம். ஒரே பகல் வேலை. முதல் பிளம்பர் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை.

“சிமெண்ட்ல ஒரு கீறல் இல்லம்மா” என்றார் விர்ஜில். “எமில்கிட்ட சொல்லவா வேண்டாமான்னு தெரியல. அதான் உன்கிட்ட கேக்குறேன்.”

“சொல்லாதீங்க” என்றேன்.

ஜூன் மாதம் டென்னிஸிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், க்வென், வாஷர் எல்லாம். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். சிரிப்பான் என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்றான். “இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? வீடு போயாச்சு.” பிறகு, “எனக்கு மீட்டிங் இருக்கு” என்று வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு அப்பாவைப் பார்க்கக் கொலம்பஸ் போனேன். நான்காவது மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறக்க முடியாது. கீழே தெரிகிற புல்லை வாரம் ஒருமுறை யாரோ வந்து வெட்டிவிட்டுப் போகிறார்கள். மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, டென்னிஸ்கிட்ட சொல்லிட்டேன்” என்றேன். “நான்தான் வேண்டாம்னு சொன்னேன்னு.”

“தெரியும். போன் பண்ணான்.”

“நீங்க ஏன் அன்னிக்கே சொல்லல? என் மேல போட்டிருக்கலாமே.”

விரலை மடக்குவதை நிறுத்தினார்.

“எதுக்கு நான் போடணும்? நீ அங்கதானே நின்னுக்கிட்டிருந்த” என்றார். “அவன் கேட்டான். நான் உடனே பதில் சொல்லல. நீ திரும்புவேன்னு பாத்தேன்.”

“நான் சொல்லியிருந்தா மட்டும் என்னப்பா ஆகியிருக்கும்? டென்னிஸ் உங்கள அந்த வீட்டுலயே விட்டிருப்பானா?” என்றேன்.

“விட்டிருக்க மாட்டான். உன்னையும் சேத்துத் திட்டியிருப்பான்.” அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ரெண்டு பேரா வாங்கிக்கிட்டிருந்திருப்போம்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் அழுது, மன்னிப்புக் கேட்டு, அவரும் சரி போ என்று சொல்லியிருப்பார். அவர் டிவியைப் போட்டார். பேஸ்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் பார்த்தோம்.

நான் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன், அதே மேல்மாடியில். மாதம் இரண்டு ஞாயிறு கொலம்பஸ் போகிறேன். இரண்டரை மணி நேரப் பயணம். கதவைத் திறந்ததும், “ரோடு எப்படி இருந்துச்சு?” என்று கேட்பார். “நல்லா இருந்துச்சுப்பா” என்பேன். அதற்கு மேல் அவர் என்னிடம் எதையும் கேட்பதில்லை.